தூக்கி நின்ற ஹேண்ட் பிரேக்

போன மாதம் ஜவ்வாது மலையில் ஒரு மனிதரின் கை என் காரின் சக்கரத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது.

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில வாரங்களாக வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட்டைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கல்யாண ஸ்பீக்கரைப் பற்றி... இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

என் காரை உங்களுக்குத் தெரியும். பழையது. வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் அதை வைத்து எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடிய கதை, மழையில் டிக்கி திறந்துகொண்ட கதை. ஹேண்ட் பிரேக் கதையையும் சொல்லியிருக்கிறேன். லிவரைத் தூக்கினால் லொடலொடவென்று கூரை வரை வரும் – ஆனால் எதையும் பிடிக்காது.

“கேபிள் தளந்து போச்சு மேடம். உள்ள பிரேக் ஷூவும் தேஞ்சிக்குது. ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, மாத்திடலாம்” என்று திருப்பத்தூரில் என் மெக்கானிக் பாபு சொல்லி வெகுநாளாகிவிட்டது.

ஒரு நாள் முழுக்க வண்டி இல்லாமல் எப்படி? மாமியாரை பிஸியோதெரபிக்கு யார் அழைத்துப் போவது? அதுவுமில்லாமல், திருப்பத்தூர் தெருக்களில் எங்கே இருக்கிறது மேடு? கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நகராது. நான் அப்படித்தான் நிறுத்துவேன். பழக்கதோஷத்தில் அந்த லிவரையும் தூக்கி வைப்பேன். அவ்வளவுதான்.

அன்று ஜமுனாமரத்தூரில் என் கணவரின் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கணவர், பின் சீட்டில் மாமியார். சாப்பாடு முடிந்து ஆலங்காயம் வழியாக இறங்கலாம் என்று கிளம்பினோம். மலையை விட்டு இறங்குகிற பாதையிலும் நடுநடுவே ஏற்றம் வருமே... அப்படி ஒரு ஏற்றத்தில், சாலையோரம் ஒரு பெண் சீத்தாப்பழத்தைக் குவித்து வைத்திருந்தார். மாமியாருக்குச் சீத்தாப்பழம் என்றால் உயிர்.

நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். முதல் கியரில் போட்டேன். லிவரைத் தூக்கினேன். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பழம் பொறுக்கப் போனேன்.

பழம் விற்ற பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு. அவருடைய கணவர் கோவிந்தன் கொஞ்சம் தள்ளி, வரப்பில் நின்று பைக்கில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவர்களுடைய சாமை நிலம், அறுப்புக்குத் தயாராக.

“கெட்டியா இருக்கறத எடுத்துக்னு போம்மா. நாளைக்குப் பழுத்துடும்” என்றார் சின்னப்பொண்ணு.

காருக்குள் என் மாமியாருக்குப் புழுக்கம். “ஏசி போடுடா” என்று மகனிடம் கேட்டிருக்கிறார். என் கணவர் இறங்கி, சுற்றி வந்து, டிரைவர் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் வண்டி குதிக்கும். அது அவருக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக் தூக்கியிருக்கிறதா என்று பார்த்தார். தூக்கியிருந்தது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார்.

சரியாகத்தான் செய்தார். அதுதான் கொடுமை.

வண்டி பின்னால் நகர்ந்தது. திறந்திருந்த கதவு அவரைத் தள்ளிக் கீழே போட்டது. நான் நிமிர்ந்து பார்க்கும்போது, ஓட்ட ஆள் இல்லாத என் கார் என் மாமியாரை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் பள்ளம்.

கையில் ஒரு சீத்தாப்பழத்தைப் பிடித்தபடி நின்றேன்.

கோவிந்தன் ஓடினார். ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டார். கல் வழுக்கியது. அதை மறுபடி உள்ளே தள்ளினார், கையாலேயே. வண்டி கல்லில் ஏறி, தயங்கி, நின்றது. அவருடைய வலது கை கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது.

அவர் கத்தவில்லை. சின்னப்பொண்ணுதான் கத்தினார்.

நானும் கணவரும் காரை முன்பக்கம் தள்ளிக் கையை விடுவித்தோம். உள்ளேயிருந்து என் மாமியார், “ஏண்டா ரிவர்ஸ் எடுக்கற?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. “வாங்கண்ணா, வண்டியில ஏறுங்க, ஆஸ்பத்திரி போயிடலாம்” என்றேன்.

கோவிந்தன் என் காரைப் பார்த்தார். “அதுலயா? நா ஏற மாட்டேன்மா” என்றார்.

சின்னப்பொண்ணு விடவில்லை. “இன்னாமா நீ? படிச்சவ மாதிரி இருக்கற. பிரேக்கு இல்லாத வண்டிய எடுத்துக்னு மலைக்கு வந்துக்கிற. பெரியம்மாவ வேற உள்ள ஒக்கார வெச்சிட்டு...” என்றவர் சாமை நிலத்தைப் பார்த்தார். “வர்ற வாரம் அறுப்பு. யாரு அறுப்பாங்க?”

கேபிளைப் பற்றிச் சொல்வதா? பிஸியோதெரபியைப் பற்றியா?

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் தன் பைக்கில் அவரை ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருப்பத்தூர். மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதைச் சொல்லிக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் முழங்கை சிராய்ப்போடு உட்கார்ந்திருந்தார். “நான்தான் நியூட்ரல் பண்ணேன்” என்றார் திரும்பத் திரும்ப. “லிவர் மேலதானே இருந்துச்சு? பார்த்துட்டுத்தானே பண்ணேன்?”

“அது வேலை செய்யாதுன்னு நான் எழுதியிருந்தேனே” என்றேன்.

“உன் பத்தியெல்லாம் நான் எங்க படிக்கறேன்?”

சிரித்திருக்க வேண்டிய இடம். இருவருமே சிரிக்கவில்லை. என் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்று எங்கெங்கோ இருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். என் வீட்டில் இருக்கிற மனிதருக்குத் தெரியாது. உங்களிடம் கதையாகச் சொல்லத் தோன்றிய எனக்கு, அவரிடம் ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதை வைத்துச் சிரிக்கத் தொடங்குகிறோமோ, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே மறந்துவிடுகிறது. குளியலறைச் சுவிட்சில் அடிக்கிற ஷாக், மாடிப்படியில் ஆடுகிற கைப்பிடி, அப்பாவின் ‘லேசான’ நெஞ்சு எரிச்சல்... ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜோக் இருக்கிறது. உங்கள் வீட்டு ஜோக் எது?

பாபு ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். லிவர் இப்போது நாலைந்து ‘டக்’ சத்தத்திலேயே கெட்டியாக நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் கோவிந்தனைப் பார்க்கப் போனோம். வீட்டு வாசலில் சாமை மூட்டைகள் இருந்தன. உறவுக்காரர்கள் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். “கொஞ்சம் கொட்டிப் போச்சு. அறுக்க லேட்டாயிடுச்சில்ல” என்றார் சின்னப்பொண்ணு. அன்றைய கோபம் குரலில் இல்லை. பெரிய சிநேகமும் இல்லை. ஆனாலும் உட்காரச் சொல்லி, டீ போட உள்ளே போனார்.

கோவிந்தன் வெளியே வந்தார். கட்டுப் பிரித்திருந்தது. விரல்கள் பாதி வரைதான் மடங்கின. “டாக்டரு பந்து குடுத்துக்கறாரு, அமுக்கிக்னே இருக்கச் சொல்லிக்கறாரு” என்றார். முழுதாகச் சரியாகிவிடுமா என்று என் கணவர் கேட்டார். “பாக்கலாம் சார். அருவா புடிச்சாத்தான் தெரியும்.”

பிறகு என்னிடம், “பெரியம்மா நல்லாக்கறாங்களா? பயந்துட்டாங்களா?” என்று விசாரித்தார்.

“நல்லா இருக்காங்கண்ணா. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிப் போயிருந்தோம். பையை நீட்டினேன். வலது கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தி, இடது கையால் வாங்கிக்கொண்டார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. அந்தக் கையில புடிப்பு இல்ல” என்றார்.

மன்னிப்புக் கேட்டது அவர்.