ஆறு ஜோடிக் கௌதாரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூரிலிருந்து வந்த பாசஞ்சரின் கார்டு, காட்பாடியில் இறங்கியதும் நேராக என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். "உங்க தோஸ்த் கரீம் பாய் தவறிப் பூட்டாருங்க" என்றார். அடுத்த வண்டியிலேயே புறப்பட்டேன்.

கரீம் பாய் ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் தோல்களைத் தரம் பிரிப்பவர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் துப்பாக்கியுடன் பாலாற்றங்கரைப் புதர்களுக்குப் போவார். கௌதாரி வேட்டையில் அவருக்கு இணையில்லை. அப்போது ஆம்பூர் ஸ்டேஷனில் வேலை பார்த்த நான் பேச்சுத் துணைக்குப் போவேன்.

ஓர் ஐப்பசியில் மூன்று நாள் புயல்மழை விடாமல் அடித்தது. நான்காம் நாள் போனோம். முள்புதர்களின் அடியில் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. தாய்ப்பறவை ஒன்று பறக்க முடியாமல் எங்கள் காலடியிலேயே நடந்தது. ஊரார் கூடைகளோடு வந்து கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் அந்தத் தாய்ப்பறவையைத் தம் துண்டால் துடைத்து மேட்டில் விட்டார்.

"தரையில பொழைக்கிறது, நாயுடு. தரையே தண்ணியாயிட்டா எங்க போவும்?"

மார்கழியில் விடிகாலைக் கூவலைக் கேட்டுக் கேட்டு எண்ணினார். ஆறு ஜோடிதான் தேறின.

தையில் மண்டி முதலாளியின் விருந்தாளிகளாக வெள்ளைக்காரத் துரைகள் இருவர் வேட்டைக்கு வந்தார்கள். முதலாளி பாயை வழிகாட்டச் சொன்னார். நானும் அங்கிருந்தேன்.

"இருக்குறதே ஆறு ஜோடி, முதலாளி. அதையும் சுட்டுட்டா முட்டை வெக்க எது இருக்கும்? நான் வர்லீங்க" என்றார் பாய்.

துரைகள் அரை நாள் அலைந்து இரண்டு முயல்களோடு திரும்பினார்கள். மறுநாளே பாய் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு அனுப்பப்பட்டார்.

"ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா இன்னா, பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

வெடித்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேஜாராத்தான் இருக்கு, நாயுடு. தரம் பிரிக்கிற மேசை கனவுல வருது. ஆனா இன்னா தப்பு பண்ணேன்னு மன்னிப்பு கேக்குறது?" கண்கள் கலங்கியிருந்தன.

இரண்டு ஆண்டுகள் தொட்டியில் நின்றார். அவர் இல்லாமல் தரம் பிரித்த தோல்கள் சென்னையிலிருந்து திரும்பி வரத் தொடங்கியதும் முதலாளியே அழைத்துப் பழைய இடத்தில் உட்கார வைத்தார். அதற்குள் மழையும் அளவாகப் பெய்து புதர்களில் பறவைகள் பெருகியிருந்தன. பாய் மறுபடி துப்பாக்கியை எடுத்தார். "வருசத்துக்கு நாலு. அதுக்கு மேல ஜாஸ்தி" என்பார். அந்த நான்கில் ஒன்று, மசாலா மணக்க, எப்போதும் என் வீட்டுக்கு வந்துவிடும்.

அன்று ஆம்பூரில் ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். மூன்று பிடி மண் போட்டேன். ஈர மண் விரல்களில் ஒட்டிக்கொண்டது. கழுவ மனமில்லாமல் காட்பாடி வரை அப்படியே வந்தேன்.

போய் வாருங்கள், பாய்.