நாற்பத்தொன்றாவது புகை

தை மாதம் நான்காம் தேதி, புதன்கிழமை, விடிந்து இரண்டு நாழிகை. வாடைக் காற்று, ஏரியின் மேல் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பழவேற்காட்டுக் கரையில் நின்று, எதிரே பசியாவரத்தில் எழும் அடுப்புப் புகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வரை வந்தது. பிறகு கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புரை விழுந்த கண், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படிகளை எண்ணுவேன், சோற்றில் அகப்படும் கல்லை எண்ணுவேன். வாயில் மிச்சமிருக்கும் பற்கள் பதினொன்று. கோட்டையில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இருந்த நாளில், பண்டகசாலையில் துணிக் கட்டுகளை எண்ணுவதுதான் என் உத்தியோகம். ஒரு கட்டு குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

காற்றோடு வந்த புகை மூக்கில் ஏறியது. ஈர முள்விறகு எரியும்போது உப்பும் பாசியும் சேர்ந்து கருகுகிற வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்குக் கங்கம்மாவின் ஞாபகம் வந்துவிடும்.

கங்கம்மா பசியாவரத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் போனதும், அவன் வலை அவனுடைய அண்ணன் முனுசாமியிடம் போய்விட்டது. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு எப்போதும் பல்லிடுக்கில் இருக்கும். கயிற்றைக் கடித்துக்கொண்டு யார் பேச முடியும்? அவளை வாயில்லாப் பூச்சி என்றே ஊர் நினைத்திருந்தது. நானும்தான்.

ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்பார்கள். யாருக்கு எந்தப் பாடு, எந்த முறை என்று வருஷத்துக்கு ஒரு தரம் குலுக்கிப் பார்ப்பார்கள். ஓர் அடுப்புக்கு ஒரு சிப்பி; அதில் அந்த வீட்டு அடையாளத்தைக் கீறிப் பானையில் போட வேண்டும். எண்ணுவதற்கு வெளி ஆள் இருந்தால் சண்டை குறையும் என்று, என்னைக் கூப்பிடுவார்கள்.

எனக்கு இருபத்தாறு வயதான அந்த வருஷம் முனுசாமியின் படகில் போனேன். அக்கரைக்கு ஒழுங்காக ஓடியது அது ஒன்றுதான். போகும்போதே வழக்கம்போல் புகைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. போன வருஷம் நாற்பது. மறுபடி எண்ணினேன், அதே நாற்பத்தொன்று. கடைசிப் புகை, ஊரை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரத்துப் புதுக் குடிசை ஒன்றிலிருந்து வந்தது.

பூவரச மரத்தடியில் பானையைக் கவிழ்த்தேன். சிப்பியும் நாற்பத்தொன்று! ஒன்றில் மட்டும் யாரும் அறியாத அடையாளம்: ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கியபடி.

ஊர்ப் பெரியதனக்காரர் அதைத் தூக்கிக் காட்டினார். “யாருதுடா இது?”

கரைப்பக்கம் தண்ணீர் சலசலத்தது. சேறு சொட்டச் சொட்டக் கங்கம்மா ஏறி வந்தாள். பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

“என்னுது.”

முனுசாமி துள்ளி எழுந்தான். “இன்னாம்மே, தண்ணில நின்னு நின்னு மண்டைக்கி ஏறிச்சா? கஞ்சி குடிக்கறது எங்க வூட்ல. உனக்கு ஏதும்மே தனிச் சிப்பி?”

“உங்க வூட்டுக் கஞ்சி குடிச்சி எட்டு நாளாச்சி மாமா. உப்பே போடமாட்றீங்கோ.”

சிரிப்பு எழுந்து, முனுசாமியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. பின்னாலிருந்து ஒருவன், “பொம்பள போட்ட வலைல மீனு வுழுமா?” என்றான்.

“வலைய நானே பின்னி வச்சிகிறேன். பின்னுனது யாருன்னு மீனு வந்து கேக்காது. நீதான் கேக்கற.”

முனுசாமி குரலைத் தணித்தான். “தம்பி பங்குல பாதி தர்றேன்னு சொன்னன்ல? மீனு வூடு தேடி வரும். உக்காந்து துன்னேன். இன்னா கொற?”

“பாதி வாணாம் மாமா. நான் யாருக்கும் பாதி இல்ல. நான் ஒரு அடுப்பு.”

பெரியதனக்காரர் தாடையைத் தடவினார். “தனியா அடுப்பு எரிஞ்சா சிப்பி உண்டு. அதுதான் ஊர்க் கட்டு. எரியுதா? பாத்தவன் எவன்?”

பார்த்தவர்கள் பலர். எல்லோரும் முனுசாமியின் படகில் ஏறுகிறவர்கள். அடுப்பு இல்லை என்று முடிந்தால் சிப்பி ஏரிக்குப் போகும். அவள் அந்த உப்பில்லாக் கஞ்சிக்கே திரும்ப வேண்டும். அவளோ யார் முகத்தையும் கெஞ்சிப் பார்க்கவில்லை. பறியிலிருந்து வெளியே ஏறிய நண்டை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டு நின்றாள். அந்த நிற்பைப் போல ஒன்றைக் கோட்டையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய்களிடம்கூட நான் கண்டதில்லை.

திரும்பிப் போக எனக்கும் அதே படகுதான். ஆனாலும் நாற்பத்தொன்றை நாற்பது என்று சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். துணிச்சல் முழுவதும் எதிரே நின்றது.

“நாற்பத்தொரு புகை. படகிலிருந்து இரண்டு தரம் எண்ணினேன்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

நண்டுச் சிப்பி பானைக்குள் போயிற்று. அவளுக்கு விழுந்தது கடைசி முறை, சேறு மிகுந்த பாடு. முனுசாமி கனைத்தான். அவளோ பல் தெரியச் சிரித்தாள். “சேறுன்னா நண்டு கெடைக்கும். எனக்குத் தெரியாத சேறா?”

அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததெல்லாம் தூரத்திலிருந்துதான்: தன் வலையைத் தானே இழுத்துக்கொண்டு, வாயில் கயிறில்லாமல், ஏரி முழுக்கக் கேட்கும்படி யாரையாவது வைதுகொண்டு.

இன்று கோட்டை செங்கல் குவியலாகக் கிடக்கிறது. பண்டகசாலை இல்லை, எண்ணத் துணிக்கட்டு இல்லை. முனுசாமியும் போய்விட்டான், கங்கம்மாவும் போய்விட்டாள். அவள் குடிசை இருந்த இடத்தில் ஏரி அலையடிக்கிறது.

அந்தக் குலுக்கல் நாளில் முனுசாமி என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, ஏற்றிக்கொண்டான். இறங்கும்போது மட்டும் கையை நீட்டி, “நாப்பத்தொண்ணாவது அடுப்புக்கு ஒரு துட்டு சேத்து வைய்யி, கணக்கப்பிள்ள” என்றான். வைத்தேன். மாதம் ஒரு முறை கோட்டை வேலையாக அக்கரைக்குப் போய்வருவேன். போக ஒன்று, வர ஒன்று, அதன் பிறகு அவன் படகு ஓடிய ஒன்பது வருஷமும் வைத்தேன். நான் காய்ச்சலில் படுத்த நான்கு மாதத்தைத் தள்ளிவிட்டால், மொத்தம் இருநூற்றெட்டு துட்டு.