திரும்பி வந்த வெள்ளைச் சட்டை

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்த சமயம். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ். என்னை எல்லோரும் கலகலப்பான ஆள் என்பார்கள். ஆனால் யாராவது நெருங்கி வந்து மனசுவிட்டுப் பேச ஆரம்பித்தால், உடனே எனக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். ஏன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் பாசமாகத்தான் வளர்த்தார்கள்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், ஆவூர்க்காரர், என்னைவிடச் சின்னவர். மத்தியானச் சாப்பாடு எப்போதும் ஒன்றாகத்தான். அவர் பிரசவ லீவில் இருந்தபோது குழந்தையைப் பார்க்கப் போனேன். கிளம்பும்போது, நீங்கள்தான் இவளுக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்றார். சரி என்று சிரித்துவிட்டு வந்தேன். பஸ் ஏறியதும்தான் யோசித்தேன். ஞானத்தாய் என்றால் மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தையை ஏந்தி நிற்பதோடு முடியாது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த வீட்டு மனுஷியாகிவிட வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே, எனக்கு ஏன் எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது?

அதன்பின் அவர் போன் செய்தால் எடுப்பதைக் குறைத்தேன். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் ஞானத்தாய் எடுத்துக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, கடையில் இருந்ததிலேயே நல்லதாக வாங்கி, எங்கள் பள்ளி சத்துணவு அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு சொந்தத்தில் ஒரு கல்யாணம், வர முடியாது என்று சொல்லச் சொன்னேன். சட்டை போய்விட்டால் சமாளித்துக்கொள்வார்கள் என்று கணக்கு.

மறுநாள் மதியம், பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவரே பள்ளிக்கு வந்துவிட்டார், அதே பார்சலோடு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பார்சலை என் மேஜையில் வைத்தார்.

"இத நீங்கதான் கையில கொண்டாரணும்க்கா. கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். நான் எதும் தப்பாக் கேட்டுட்டேனா?"

எனக்குப் பொய் வரவில்லை. "பயமா இருக்குங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே புரியல" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் பயந்தான். ஒங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி எத்தன நாளு யோசிச்சேன் தெரியுமா? இல்லன்னுட்டா அப்பறம் எப்புடி மூஞ்சில முழிக்கிறது?" என்றார். அவருக்கும் அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குப் பார்சலோடு போனேன். குழந்தையை ஏந்திக்கொண்டு, பங்குச் சாமியார் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். குழந்தை என் புடவையை நனைத்துவிட்டாள். அவளுடைய அம்மா தன் புடவையைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

இப்போதும் அந்த வீட்டிலிருந்து போன் வந்தால், என்ன சாக்குச் சொல்லலாம் என்றுதான் மனசு முதலில் தேடுகிறது. பிறகு எடுத்துப் பேசிவிடுகிறேன். பயம் வந்தால் அந்த உறவு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம் என இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், ரொம்ப வேண்டும் என்று நினைக்கிறவர்களிடம் மட்டும்தான் எனக்கு அந்தப் பயம் வந்திருக்கிறது.