சிலிக்கான் கல்லுக்குக் காய்ச்சல்

கிட்ட வந்து உக்காருங்க, லேத் ஓடுற சத்தத்துல எட்ட இருந்தா ஒண்ணும் கேக்காது. பட்டறைக்காரனுக்கு ரெண்டே வேதம்: இறுக்கமா முடுக்கணும், தண்ணி நிறைய ஓடணும். அந்த ரெண்டும்தான் என்னைக் கெடுத்தது. ஸ்பேனர் பிடிச்ச உங்க கைக்கும் இந்தப் பாடு தெரிஞ்சிருக்கும்.

வந்த வேலை

கடத்தூரில் நானும் மேரியும் சேர்ந்து பட்டறை வைத்திருக்கிறோம். கடைசல் எனக்கு, பாலிஷும் ஃபிட்டிங்கும் மேரிக்கு. போர்வெல் பம்பு வேலைதான் பிழைப்பு. ஒருநாள் பென்னாகரத்துப் பெண் ஒருவர் வந்தார். வடக்கே ஒரு எக்ஸ்ரே ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. எங்களுக்கு டாக்டரம்மா. சோப்புக்கட்டி அளவில் கண்ணாடி மாதிரி மின்னும் சிலிக்கான் கல்லைக் காட்டினார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவைவிடப் பலமடங்கு உக்கிரமான கதிர் இதில் பட்டுத் திரும்புமாம். பட்ட இடம் சூடேறி உப்புமாம், உப்பினால் கதிர் சிதறிவிடுமாம். கல்லின் ரெண்டு பக்கமும் செம்புக்கட்டி வைத்து, உள்ளே தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இழுக்க வேண்டும். எவ்வளவு உப்பும் என்று கேட்டேன்.

"ஒரு தலைமுடிய ஆயிரமாப் பொளந்தா அதுல ஒண்ணுங்கண்ணா. எனக்கு அதுவே மலை."

முதல் கட்டி

செம்புக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று நின்றால் சூடு தாண்டாது. அதனால் மெழுகு போல நசுங்கும் இண்டியம் தகட்டை நடுவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். போல்ட்டை மட்டும் என் கைப்பழக்கத்தில் இறுக்கி முடுக்கி அனுப்பிவிட்டேன். பம்பு வேலையில் லூசாக விட்டால் ஒழுகும், ஊரே ஏசும். பத்து நாளில் போன் வந்தது. கதிரைத் திறப்பதற்கு முன்பே கல் வளைந்திருந்ததாம். டாக்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது.

"சூடு வந்து வளைக்கிறதுக்குள்ள நீங்களே வளைச்சுட்டீங்களேண்ணா."

ரெண்டாவது கட்டி

இந்த முறை போல்ட்டுக்கு ஸ்பிரிங் போட்டுப் பூப்போலப் பிடித்தேன். ஆனால் சும்மா இருப்பேனா? ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற ஊர்க்காரன் நான். தண்ணீர் கூடினால் கெடுதல் வரும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? தண்ணீர் ஓட்டத்தை ரெண்டு மடங்காக்கி அனுப்பினேன். கல் நன்றாகக் குளிர்ந்தது. தண்ணீர் மோதிய மோதலில் நடுங்கவும் செய்தது, கதிர் கூத்தாடியது.

டாக்டரம்மா கல்லை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு நாலு நாள் கதிர் கிடைக்கும். அதையும் விட்டால் முறை வேறொருவருக்குப் போகும், மறுபடி வர ஒரு வருஷம். வேறு பெரிய கம்பெனியில் செய்யச் சொல்லுங்கள் என்று நான் பின்வாங்கினேன். மேரி விடவில்லை.

"ஒகேனக்கல்ல அருவிக்கு நேர் கீழ பரிசல் ஆடாம நிக்குமாங்கண்ணா? வேகத்தக் கொறைங்க, நாமளே செய்யலாம்."

மூணாவது கட்டி

பட்டறையில் கதிர் ஏது? கட்டி சரியா என்று எப்படிப் பார்ப்பது? மேரி திருவிழாக் கடையில் வாங்கிய லேசர் லைட்டைக் கொண்டுவந்து வைஸில் பிடித்துக் கல்லின்மேல் அடித்தாள். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. இங்கே கல் துளி அசைந்தால் அங்கே புள்ளி நன்றாக ஆடும். புள்ளியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். கதிரின் சூட்டுக்குப் பதிலாக, கோழிக்குஞ்சுக்கு வைக்கிற சூட்டு விளக்கைக் கல்லுக்கு மேலே தொங்கவிட்டாள்.

மூன்று நாள் அதே வேலை. தண்ணீர் ஓட்டுகிற பம்பு அதிர்ந்ததால் அதை மேஜையிலிருந்து இறக்கினோம். பைப்பில் வெடுக்கென்று திரும்பிய எல்போவை எடுத்துவிட்டு நீள வளைவு போட்டோம். வால்வைக் கால் கால் சுற்றாகக் குறைத்தோம். வால்வைப் பாதித் திறப்பில் நிறுத்தியபோது கல்லும் சுடவில்லை, புள்ளியும் வட்டத்தைத் தாண்டவில்லை. டாக்டரம்மா சுவரோரம் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"புள்ளி தூங்குது மேரி."

கடைசி போன்

பார்சல் கட்டும்போது டாக்டரம்மாவுக்கு ஒரே பயம்தான். அங்கே யாராவது, என்னைப் போன்ற ஒருத்தர், நல்லது செய்வதாக நினைத்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டால்? பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம் என்றேன். மேரி ஸ்பேனரோடு பெட்டிக்குள் ஒருமுறை குனிந்துவிட்டு மூடினாள். அடுத்த மாதம் போன் வந்தது.

"நாலு நாளும் கதிர் நின்ன எடத்துலயே நின்னுச்சுங்கண்ணா. வால்வு கைப்பிடியத்தான் ஆளாளுக்குத் தேடுனாங்க."

நாற்பது வருஷமாக முடுக்கவும் திறக்கவும் மட்டுமே படித்த நான் திரும்பிப் பார்க்க, மேரி தன் டிபன் பையிலிருந்து அந்தக் கைப்பிடியை எடுத்து, சாக்பீஸ் வட்டத்துக்கு நடுவில் ஆணி அடித்து மாட்டினாள்.