வெஸ்லியின் இடம்

சாயங்காலம் ஆனால் வெர்னா கொஸ்கெலா ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள். பிள்ளைகளுக்குப் பனிக்கோட்டு மாட்டுவாள், காணாமல் போன கையுறையைச் சோபாவுக்கு அடியில் துழாவுவாள், யாருடைய மூக்கையாவது துடைப்பாள். ஆனாலும் எதிர்ச்சாரியில் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றுவிட்டது அவள் முதுகுக்குத் தெரிந்துவிடும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் வெள்ளைப் புகை சுருண்டு எழும். உள்ளே டார்சி உட்கார்ந்திருப்பாள்.

மற்ற தாய்மார்கள் வருவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு அந்தக் காரும் போகும். டார்சிக்கு அழைத்துப்போகப் பிள்ளை இல்லை.

வடக்கு மினசோட்டாவின் அந்தச் சுரங்க ஊரில் வெர்னா தன் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறாள். கணவன் போன பிறகு பிள்ளைகளின் சத்தம்தான் அவளுக்கு வீடு. ஊரில் அவளைப் போல வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் சிலர் உண்டு. அவர்கள் எல்லாரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, காப்பியும் எலுமிச்சை கேக்கும் வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பேசி முடிவு செய்வது வழக்கம். காரணம் இருந்தது. ஏழைத் தாய்மார்களுக்காக கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தருகிற உதவித்தொகை, ஊரில் என்ன விலை நடக்கிறது என்று விசாரித்துத்தான் தீர்மானமாகும். ஒருத்தி குறைத்துச் சொன்னால் எல்லாருக்கும் வருவது இறங்கிவிடும். அதனால் ஏற்றினால் எல்லாரும் சேர்ந்து ஏற்றுவார்கள்.

போன வருஷத்துக் குளிர்காலத்திலும் அப்படித்தான் ஏற்றினார்கள். கவுண்டியின் தொகை மட்டும் உடனே ஏறவில்லை. இடைவெளி தாய்மார்கள் தலையில் விழுந்தது. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த டார்சிக்கு அது வாரம் நாற்பது டாலர்.

"என்னால முடியாது வெர்னா. எனக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்களேன்" என்று வாசலில் நின்று கேட்டாள் டார்சி. இடுப்பில் மூன்று வயது வெஸ்லி.

"ஒருத்திக்குக் குறைச்சா அதுதான் என் விலைன்னு கவுண்டியில போட்டுடுவாங்கம்மா. அப்புறம் எல்லாருக்கும் குறைக்கணும்."

"அப்ப எல்லாருக்குமே குறைச்சுடுங்க" என்று டார்சி சிரித்தாள்.

வெர்னாவும் சிரித்தாள். நல்ல வேடிக்கை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை வெஸ்லி வரவில்லை. டார்சியோடு பழகிக்கொண்டிருந்தவனின் தம்பி, ட்ரெய்லர் வீட்டில் சும்மா இருப்பவன், பார்த்துக்கொள்கிறேன் என்றானாம். அந்த மாதமே ஒரு மத்தியானம், ஹீட்டரிலிருந்து திரைச்சீலையில் தீ பிடித்தது. தம்பி வெளியே ஓடி வந்துவிட்டான். வெஸ்லி தூங்கிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து மத்தியானத் தூக்க நேரம் வெர்னாவுக்கு நரகம். திரையை இழுத்து அறையை இருட்டாக்கியதும் பிள்ளைகளின் மூச்சு ஒவ்வொன்றாகச் சீராகும். எல்லாம் அடங்கிய பிறகு, புத்தக அலமாரியின் மூலையிலிருந்து இன்னொரு மூச்சு கேட்கும். கொஞ்சம் சளி கட்டின மூச்சு. காது மடலைத் தடவினால்தான் அவன் தூங்குவான். இருட்டில் அவள் விரல்கள் தாமாக அந்த மூலைக்கு நீளும், வெறும் தரையில் போய்ப் படும். அவன் இடத்துக்கு அவள் வேறு பிள்ளையைச் சேர்க்கவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் இடமில்லை என்றாள்.

ஷானா கேட்டபோதும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.

ஷானா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேரப் போகிறவள். கையில் ஒன்றரை வயது ஐவி. "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் உள்ள இடம் கிடைக்கலைன்னா உதவித்தொகை போயிடும். ஊர்ல எங்கயும் இடமில்ல. உதவித்தொகைக்கு மேல கேக்குற காசும் எங்கிட்ட இல்ல. என் கசின் ஒருத்தன் சும்மா வீட்டுலதான் கிடக்கான், நான் பார்த்துக்கறேங்கறான். வீடியோ கேம்ல உக்காந்தா கூரை இடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டான், அதான் யோசனையா இருக்கு."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வெர்னா கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். பிறகு லோரெட்டாவுக்குப் போன் செய்தாள். சர்ச்சுக் கூட்டத்தில் முதல் குரல் லோரெட்டாவுடையது.

"கவுண்டி தர்றதோட நிறுத்திக்கலாம்னு பார்க்கறேன். எல்லாப் பிள்ளைக்கும்."

"உனக்கென்ன மகராசி, வீட்டுக்கடன் முடிஞ்சுது. எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்ட ரெண்டு பிள்ளை நிக்குது. நீ புண்ணியம் தேடிக்க எங்க வயித்துல அடிக்கறியா?"

"திட்டு. கேட்டுக்கறேன்."

"திட்டத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எம் பக்கத்துல வந்து உக்காராத."

ஆனால் வெர்னாவை நடுங்க வைத்தது லோரெட்டா அல்ல, எதிர்ச்சாரிக் கார்தான். இன்றைக்குக் குறைத்தால், அன்றைக்கும் குறைத்திருக்கலாம் என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். குறைக்காவிட்டால் ஐவி அந்த வீடியோ கேம்காரனிடம் போவாள்.

அன்று கடைசிப் பிள்ளை கிளம்பியதும் வெர்னா கோட்டுகூடப் போடாமல் பனியில் இறங்கித் தெருவைக் கடந்தாள். கார்க் கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க. விறைச்சுப் போயிடுவீங்க" என்றாள் டார்சி.

வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெஸ்லி இடத்துக்கு ஒரு பிள்ளை வருதும்மா. பொம்பளப் பிள்ளை."

டார்சி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டாள். "அவங்கம்மா மேல எவ்வளவு தரணும்?"

பொய் சொல்லலாம். வெர்னா சொல்லவில்லை. "ஒண்ணும் தர வேண்டாம். திங்கக்கிழமைலேர்ந்து யாருமே தர வேண்டாம்."

"அப்ப முடியும்."

"முடியும்."

"அன்னிக்கும் முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும் டார்சி."

"நான் கேட்டப்ப சிரிச்சீங்க."

நீயும்தானே சிரித்தாய் என்பது வெர்னாவின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். "ஆமா. சிரிச்சேன்."

"நான் ஒருத்திதான் அவனைக் கொன்னேன்னு இவ்வளவு நாள் தனியா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் டார்சி. கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் தொங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. "யாராவது வந்து பங்கு கேட்டா லேசாயிடும்னு நினைச்சேன். ஆகல. இறங்குங்க."

வெர்னா இறங்கினாள். கதவைச் சாத்தப்போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னைப் பார்த்துப் பயந்து அந்தப் பிள்ளைய வேண்டாம்னுடாதீங்க."

திங்கட்கிழமை ஐவி வந்தாள். மத்தியானம் வீடு அதிர அழுதாள். அலமாரி மூலையைத் தவிர வேறு இடமில்லை. வெர்னா அங்கேதான் கிடத்தினாள். காதைத் தடவினாள். பிள்ளை தலையை வெடுக்கென்று உதறியது. முதுகில் தட்டியதும் அடங்கிற்று. அன்றைக்கு அந்த மூலையிலிருந்து இரண்டு மூச்சு கேட்டது.

சாயங்காலம் ஷானா வந்தாள். குளிரில் உறைந்த, பிள்ளையை உட்கார்த்தும் கார் சீட்டின் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் விரல் சிவக்கப் போராடினாள். எதிர்ச்சாரிக் காரின் கதவு திறந்தது. டார்சி வந்து, கொக்கியை வாயால் ஊதிச் சூடேற்றி மாட்டிவிட்டுத் தன் காருக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை ஐவியை விடவந்த ஷானா கேட்டாள். "நேத்து எனக்கு உதவி பண்ணினாங்களே அந்த அக்கா, அவங்க யாரு?"

"வெஸ்லியோட அம்மா" என்றாள் வெர்னா.

"ஓ" என்று ஷானா உள்ளே எட்டிப்பார்த்தாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள். "இதுல வெஸ்லி யாரு?"