மேற்பார்வையாளர் ஆன வெல்டர்

வெல்டருக்குப் பதவி உயர்வு வந்ததும் தலைகால் புரியாமல் ஆடியது அவர் மனைவிதான். "இனிமே அவரு சூப்பர்வைசர்" என்று சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னாள். நாலு பேர் வயிறு எரியட்டும் என்ற நல்லெண்ணம். முதலாளியை நச்சரித்து அவர் வாங்கிய பதவி அது. ஆனால் பட்டறையில் ஆள் போதாது. அதனால் அதற்குப் பிறகும் முகமூடியை மாட்டிக்கொண்டு குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டுதான் இருந்தார். காகிதத்தில் மட்டும் மேற்பார்வையாளர்.

பிழைக்க வந்த நாட்டில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தபோது விதியை மாற்றினார்கள். வெல்டர் மாதிரி கைத்தொழில் செய்பவர்களுக்கு மட்டும் இனி இடம். மேற்பார்வையாளர்கள் உள்நாட்டிலேயே கொட்டிக் கிடக்கிறார்களாம். ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களுக்கும் இதேதான். தற்காலிக அனுமதி முடிந்ததும் மனைவி, மகளோடு மூட்டை கட்ட வேண்டும்.

குடியேற்ற அலுவலகத்தில் சட்டைக்கையைச் சுருட்டி, தீப்பொறி பட்ட தழும்புகளைக் காட்டினார். "பாருங்கம்மா, நேத்துகூட வெல்டிங்தான் பண்ணேன்."

"கையை இறக்குங்க சார், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குப் பதில் இவர் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"என்னைப் பழையபடி வெல்டரா மாத்திடுங்க" என்று முதலாளியிடம் கெஞ்சினார்.

"வெளிநாட்டு வெல்டருக்கு அரசாங்கம் எனக்குக் குடுத்தது ஒரே இடந்தான். அதுல உன் மச்சான் இருக்கான். அவன் விட்டுக் குடுத்தா இன்னைக்கே மாத்தறேன்."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இந்த நாட்டுக்கு அவனை வரவழைத்து, காலியான தன் இடத்திலேயே, முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்துவிட்டவர் சாட்சாத் நம் வெல்டர்தான்.

தம்பியிடம் கேட்கப் போனவள் அக்கா. "நீ ஒண்டிக்கட்டைடா. வேற பட்டறை பாத்துக்கலாம். எங்களுக்குப் புள்ளை படிப்பு இருக்கு."

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். "அத்தானை யாருக்கா சூப்பர்வைசர் ஆகச் சொன்னது? நீதானே ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சே?"

அக்கா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் சொன்னதில் பொய் இல்லையே.

அவனுக்கு வசிப்புரிமை கிடைத்தது. இவர்கள் காலி செய்யும் வீட்டையும் அவனே பிடித்துக்கொண்டான். சாமான் கட்டும் நாளில் வந்து, ஜன்னலுக்குத் திரை அளவெடுத்தான். "கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கட்டும் அத்தான். உங்களுக்கும் தூக்கிட்டு அலையற பாடு மிச்சம்." வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிக்குக் கயிறு கட்டினார். ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும், விடவில்லை.

அழுது அழுது முகம் வீங்கியிருந்த மகள் அறையிலிருந்து வந்தாள். "மாமா, என்னை நீங்க தத்து எடுத்துக்குங்க. அப்போ என்னை அனுப்ப மாட்டாங்கல்ல?"

அவளை அதட்டவேண்டிய அம்மா தம்பியைப் பார்த்தாள். "முடியுமாடா?"

"முடியும்னுதான் சொல்றாங்க. புள்ளை மேல உரிமை இல்லைன்னு அத்தான் எழுதிக் குடுக்கணும்."

மூன்று பேரும் வெல்டரைப் பார்த்தார்கள். எத்தனை நாளாக மூவரும் இதைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது.

"பேனா எடுத்துட்டு வாம்மா" என்றார்.

மகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.