தேவராஜ் அண்ணனின் காலி ஆணி

செவ்வாய்க்கிழமை காலை தேவராஜ் அண்ணன் வீட்டிலிருந்து கமலா அண்ணி போன் செய்து, "உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என் வீட்டுப் பரணில் கிடந்த அவருடைய ரசமட்டம்தான் நினைவுக்கு வந்தது. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க இரவல் வாங்கி, நான்கு மாதமாகத் திருப்பிக் கொடுக்காதது. இப்படியும் ஒரு மனுஷனா என்று என்னையே திட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

மேனாம்பேட்டில் அவருடைய ஷெட்டுக்கு வந்துபோன உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டர். கார் வாங்காமலே கார் ஷெட் கட்டி, அதைப் பட்டறை ஆக்கிக்கொண்டவர். அங்கே கடையில் வாங்கிய சாமான் குறைவு. மகள் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளின் பெடல்தான் கிரைண்டருக்குக் கைப்பிடி. பேத்தியின் பால்மாவு டப்பாக்களில் திருகாணிகள். கல்யாணக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சுவரில் அறைந்து, அதில் ஆணி அடித்துக் கருவிகளை மாட்டியிருந்தார். "நான் தல வெச்சிப் படுத்த பலகைல ஸ்பேனரு தொங்கிகினு கீது பாரு" என்று அண்ணி கிண்டல் செய்வார். "தூக்கிப் போட மனசு வர்ல கமலா" என்பார் அவர்.

அந்தப் பலகைக்கு ஒரு சட்டதிட்டம் இருந்தது, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. அங்கே கருவி எடுத்தால், நம் எண் போட்ட பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். கருவியைத் திருப்பி மாட்டினால்தான் டோக்கன் கைக்கு வரும். கருவியும் இல்லை, டோக்கனும் இல்லை என்றால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது; தேடித்தான் ஆகவேண்டும். ஷெட்டில் டோக்கனுக்குப் பதில் நம் பொருள் ஏதாவது. நான் கைக்குட்டையை நீட்டியபோது, "இது இல்லாங்காட்டி உன்னால இருக்க முடியாதுன்ற சாமானா குடு" என்றார். அப்பாவின் கைக்கடிகாரத்தை மாட்டிவிட்டு ரசமட்டத்தை எடுத்து வந்தேன்.

பிறகு காட்டுப்பாக்கத்தில் ஒரு கல்யாணம் வந்தது. கையில் அப்பாவின் கடிகாரம் இல்லாமல் போக மனசில்லை. ஷெட்டில் அவர் இல்லாத நேரம் அதை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டேன், ரசமட்டத்தை நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று. சாயங்காலமே போன் வந்தது.

"ஆணி காலியா கீது, சேகரு."

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு ரசமட்டத்தைத் திருடிட்டு ஓடிட்டேனா?" என்று கத்தினேன்.

"மட்டத்த யார்ரா கேட்டா? ஆணியத்தான் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் தெரு வழியாகப் போவதை விட்டேன். பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு முறை ரசமட்டத்தைப் பையில் போட்டு அவர் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அவரே கூப்பிடட்டுமே என்ற வீம்பு. அவர் மனதில் நான் திருடனாகவே இருக்கிறேன் என்ற உறுத்தல் வேறு. இப்போது அவரிடம் கேட்கவும் முடியாது.

காரியம் முடிந்த மறுநாள் பையோடு போனேன். அண்ணி ஷெட்டைத் திறந்துவிட்டார். அந்த ஆணி காலியாக இல்லை. பித்தளை டோக்கன் ஒன்று தொங்கியது. ஓய்வு பெற்ற அன்று அண்ணன் கேட்டு வாங்கி வந்த அவருடைய சொந்த டோக்கன்.

"நீ வாட்ச்ச எட்துகினு போன அன்னிக்கே மாட்டிட்டாரு" என்றார் அண்ணி. "'அவன் கொண்டாந்துடுவான், அதுவரிக்கும் என் பேர்ல கெடக்கட்டும்'னு சொன்னாரு."

ரசமட்டத்தை மாட்டிவிட்டு டோக்கனைக் கழற்றினேன். சட்டப்படி அது அவர் கைக்குப் போக வேண்டும். அண்ணியிடம் நீட்டினேன். "நீயே வெச்சிக்கோப்பா" என்று என் விரல்களை மடக்கினார்.

சட்டைப் பையில் இருக்கிறது. கூட்டத்தில், பஸ்ஸில், சாப்பிடும்போதுகூடத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஒரு நடை போயிருக்கலாம்.